தோர்ணக்கல் பேராயர் அசரியா

அவையோருக்கு வணக்கம். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1910 எடின்பரோ மாநாடுதான். உலகெங்கும் இருந்து ஏறத்தாழ 1200 பேர் கூடிய அந்த மிஷனரி மாநாட்டில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே எழுந்து நின்று, "ஏழைகளுக்கு உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்றார். வெள்ளைக்கார மிஷனரிகளில் சிலருக்கு முகம் சுளித்தது. பேசியவருக்கு வயது முப்பத்தைந்து.

நல்ல பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சை வைத்தே அவரைக் கொண்டாடிவிட்டுப் போய்விடுகிறோம். என் கணக்கில் பெரிய காரியம் அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது.

அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா கிராமத்துக் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்மவர் காணிக்கையிலேயே ஊழியம் நடக்கட்டும் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சரி, சங்கம் வைத்தாயிற்று, யார் போவது? 1909இல் அவரே குருப்பட்டம் பெற்று, ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கலுக்குப் புறப்பட்டார். அங்கே தெலுங்குதான் பேச்சு. அதைக் கற்றுத்தான் ஊழியம் செய்ய வேண்டும்.

அவரைப் பேராயராக்கும் பேச்சு எழுந்தபோது மிஷனரிகளில் சிலர் எதிர்த்தார்கள். நம்மவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சென்னைப் பேராயர் வைட்ஹெட் உறுதியாக நின்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த சபையின், முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

அப்புறம் முப்பத்திரண்டு ஆண்டுகள் தோர்ணக்கல்தான். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊர் அவர்களைத் தொடாது. அவர்களிடம் பேராயர் ஒன்று செய்யச் சொல்வார்: ஒவ்வொருவரும் தம் தலையில் கை வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அதைச் சொல்வார். நேற்றுவரை வாய் திறக்க விடப்படாத மனிதரிடம், 'நீ பேசியே ஆக வேண்டும்' என்கிறார் பாருங்கள்!

1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் மசூதியை ஒத்த குவிமாடங்களும் கோயில் பாணித் தூண்களும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதி வேண்டாம் என்றவர் அவர். அதே சமயம், மதமாற்றம் பற்றிக் காந்தியோடு ஒத்துப்போகவும் இல்லை.

சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்தே பாடுபட்டார். அப்படிச் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அசரியா 1945 ஜனவரி முதல் நாளே காலமாகிவிட்டார்.