குறுக்கே மான் வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். கார் விமர்சனம் என்றதும் பலருக்கு எண்கள்தான் ஞாபகம் வரும். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி. இதெல்லாம் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறதே! அதை வாசித்துக் காட்ட விமர்சகர் எதற்கு? தாளில் இல்லாததை ஓட்டிப் பார்த்துச் சொல்பவர்தான் விமர்சகர். பழைய கார், புதிய கார் எதுவானாலும் நான் பிடித்துத் தொங்குவது இந்த ஒரு விஷயத்தைத்தான். இன்றைக்கும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1997இல் மெர்சிடிஸ் பென்ஸ், ஏ-கிளாஸ் என்று ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. நீளம் குறைந்த உடம்பு, உயரமான கூரை. தளத்தை இரண்டு அடுக்காக அமைத்து, எதிலாவது மோதினால் எஞ்சின் உள்ளே இருப்பவர்கள் மேல் வராமல் காலுக்கு அடியில் சரிந்து போகும்படி செய்திருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அபாரமான வண்டி.

ஸ்வீடனில் மூஸ் என்ற பெரிய மான் இருக்கிறது. கால்கள் நல்ல உயரம். கார் மோதினால் காலைத்தான் வாரிவிடும், அப்புறம் அத்தனை கனமான உடம்பும் முன் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். அதனால் அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் புதிய கார் வந்தால் ஒரு சோதனை செய்வார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது சட்டென்று ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடித்துத் தன் பாதைக்கே திரும்ப வேண்டும். குறுக்கே வந்த மானைச் சுற்றிக்கொண்டு போவதுபோல. டெக்னிக்கன்ஸ் வார்ல்ட் என்ற பத்திரிகை 1997 அக்டோபரில் ஏ-கிளாஸை இப்படி ஓட்டிப் பார்த்தது. மணிக்கு அறுபது கிலோமீட்டரை ஒட்டிய வேகம்தான். வண்டி கவிழ்ந்துவிட்டது.

முதலில் கம்பெனி சமாளித்துப் பார்த்தது. ஊர் வாய் அடங்கவில்லை. கேலிக்கு என்றே யாரோ கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபன்ட் காரை அதே மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பஞ்சுக் கழிவு கலந்த பிளாஸ்டிக் உடம்பு. அது அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போய்விட்டது! கடைசியில் மெர்சிடிஸ் விநியோகத்தையே நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, ஈ.எஸ்.பி. என்ற கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. வண்டி சறுக்கத் தொடங்கினால் தேவைப்படும் சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் கருவி அது. 1995இல் பெரிய, விலை கூடிய கார்களில்தான் வந்திருந்தது. ஒரு பத்திரிகைச் சோதனையால் சின்னக் காருக்கும் இறங்கி வந்தது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாகிவிட்டது. குதிரைத்திறனை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

சரி, பழைய கார்களுக்கு வருவோம். 1959இல் வந்த மினி என்ற பிரிட்டிஷ் சின்னக் காரை எடுத்து இன்றைய காரோடு பந்தயம் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன பிரயோஜனம்? தோற்கும் என்று ஓட்டுவதற்கு முன்பே தெரியும். அந்த வண்டியை எதற்காகச் செய்தார்கள் என்றல்லவா கேட்க வேண்டும். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. குறைவாகக் குடிக்கிற, ஆனால் நான்கு பேர் உட்காரக்கூடிய கார் வேண்டும். மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டியோடு சேர்த்தார், சக்கரத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். மொத்த நீளம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். அத்தனைக்குள் நான்கு பேரும் பெட்டியும் அடங்கினார்களா என்பதுதான் மினிக்கான பரீட்சை. அடங்கினார்கள். இன்றைக்கும் பெரும்பாலான சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, பழைய காரை ஓட்ட உட்காரும்போது நம் காலின் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி காரில் மூன்று பெடல் இருக்கும். இடது பெடல் கியர், நடுவில் இருப்பது பின்னோக்கிப் போக, வலதுதான் பிரேக். ஆக்சிலரேட்டர் கையில். 1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ்ஸில் பிரேக் பெடல் இருக்கும் இடத்தில் காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான். வழக்கம்போல மிதித்தால் நெற்றி கண்ணாடியில். அந்த வண்டி மோசம் என்று எழுதுபவர் தன் காலைத்தான் விமர்சிக்கிறார். டயரும் அப்படித்தான். பழைய காருக்கு இன்றைய ரேடியல் டயரைப் போட்டு ஓட்டிவிட்டு, "அந்தக் காலத்திலேயே என்ன பிடிமானம்!" என்று வியப்பார்கள். டயருக்குப் போக வேண்டிய புகழ் அது.

ஆகவே ஓட்டக் கிடைத்த வண்டி எப்படிப்பட்டது என்று முதலில் விசாரியுங்கள். 1961இல் ஜாகுவார் ஈ-டைப் வந்தபோது மணிக்கு 150 மைல் ஓடும் என்றார்கள். பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. ஆனால் அது பத்திரிகைக்காரர்களுக்கென்று பார்த்துப் பார்த்துத் தயார் செய்த வண்டி. வாங்கியவர்களின் வண்டி பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அழகு குறையவில்லை என்பது வேறு விஷயம்.

புதிய கார்களில் என் கோபமெல்லாம் தொடுதிரை மேல்தான். ஏ.சி.யைக் குறைக்க ஒரு திருகு இருந்தது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், கையாலேயே தடவித் திருகுவோம். இப்போது படத்தைத் தொட்டு, பட்டியலைத் திறந்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதும் விரல் வேறு எங்கோ பட்டு... மறுபடியும் முதலிலிருந்து. 2022இல் ஸ்வீடனின் இன்னொரு பத்திரிகை இதை அளந்தே பார்த்தது. ஆமாம், மறுபடியும் ஸ்வீடன்தான், நான் என்ன செய்ய! மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ரேடியோ நிலையத்தை மாற்றுவது, இருக்கைச் சூட்டைக் கூட்டுவது மாதிரி நான்கு வேலைகள். 2005ஆம் ஆண்டு வால்வோ வி70, நிறையப் பொத்தான்கள் உள்ள பழைய வண்டி, பத்து விநாடியில் முடித்தது. அதற்குள் ஓடிய தூரம் 306 மீட்டர். புதிய கார்களில் மிக மெதுவானதற்கு 44 விநாடிக்கு மேல் ஆனது, ஓடிய தூரம் 1,300 மீட்டரைத் தாண்டியது. இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே திரையோடு பழக நேரம் கொடுத்திருந்தார்கள். இந்த எண் எந்தக் கம்பெனித் தாளிலாவது இருக்குமா?

மின்சாரக் கார்களைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பாய்ச்சலில் மயங்க வேண்டாம், மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பைக் கொடுக்கும், அது அதன் இயல்பு. ஒரு சார்ஜில் எத்தனை தூரம் என்பதை நெடுஞ்சாலை வேகத்தில் பாருங்கள், குளிர் நாளில் பாருங்கள், இரண்டிலும் குறையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும், அதிலிருந்து நிஜப் பிரேக்குக்கு மாறும் இடத்தில் உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பேட்டரி கனம் அதிகம், டயர் தேய்மானம்... சரி, சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.