டேப்லெட் வந்தது, பிளக் நுழையவில்லை! நெட்ஃபிளிக்ஸ்காரர் ஏன் சட்டத்தில் கை வைத்தார்?

வணக்கம் மக்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து நான்தான், வேறு யார். இன்றைக்குக் கடையை அரை நாள் சாத்திவிட்டேன், பின்னால் ஷட்டர் பாதி இறங்கியிருப்பது தெரியும். யாராவது தட்டினால் எழுந்து போவேன், அதையெல்லாம் வெட்டமாட்டேன், நம் வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது பழக்கம்தானே. ரொம்ப எரிச்சலில் இருக்கிறேன். கூடவே நெட்ஃபிளிக்ஸ்காரர் ரீட் ஹேஸ்டிங்ஸ் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்சம் குஷியாகவும் இருக்கிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான், எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம், டீச்சர்களுக்குத் தொல்லை வரும். ஒரு நிறுவனம் அங்கே டேப்லெட் அன்பளிப்புக் கொடுத்தது, அந்தப் பெயரும் வேண்டாம். பந்தல், பேனர், பொன்னாடை, பிள்ளைகள் நடனம், பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை, படம் எடுத்து முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. எல்லாரும் போன பிறகு பெட்டியைத் திறந்தால் சார்ஜர் அத்தனையும் இரண்டு பின். அதுவும் உருண்டைப் பின்! நம் நாட்டுச் சுவரில் மூன்று ஓட்டை இருக்கிறது என்பது கூடத் தெரியாமலா வாங்கினார்கள்? ஒரு டீச்சர் என்ன செய்தார் தெரியுமா, நீங்களும் வீட்டில் செய்கிறீர்கள், மறுக்கவேண்டாம்: மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி, உள்ளே இருக்கும் தடுப்பு இறங்கினதும், கீழே இரண்டு பின்னையும் திணித்துவிட்டார். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் தடுப்பே சின்னப் பிள்ளைகள் கம்பியைக் கிம்பியை விட்டுவிடக் கூடாது என்று வைத்ததுதான். எட்டு வயதுப் பையனுக்கு அதைத் திறக்கும் வித்தையை நாமே சொல்லிக் கொடுத்தாயிற்று.

அப்புறம் அடாப்டர் வாங்கும் வேலை என் தலையில். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் காசு கம்மி, "அண்ணே, நீங்கள்தான் போன் கடை வைத்திருக்கிறீர்களே" என்று விட்டுவிட்டார்கள். முதல் கடையில் ஒன்று 6 வெள்ளி 90 காசு. பக்கத்துக் கடையில் 3 வெள்ளி 20 காசு, ஆனால் சிரிம் ஸ்டிக்கர், அதாவது நம் நாட்டுத் தரச் சான்று, இல்லை. கையில் எடுத்தாலே தெரிகிறது, பின் ஆடுகிறது, பிளாஸ்டிக்கில் நகம் பதிகிறது. சிரிம் இல்லாத பிளக்கை நான் தொடமாட்டேன், எரிந்துபோன பவர்பேங்க் வீடியோவில் அரை மணி நேரம் கத்தியிருக்கிறேன், நினைவிருக்கும். சரி என்று முதல் கடைக்கே திரும்பிப் போய், பெட்டியோடு எடுத்துக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லி, தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், பேசிப் பேசி 5 வெள்ளி 80 காசுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றுக்கு ஒரு வெள்ளி பத்துக் காசு மிச்சம்! சிரிக்காதீர்கள். மிச்சப் பணத்தில் சிரிம் ஒட்டின எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் வாங்கினேன்.

இப்போது கேளுங்கள் கூத்தை. அடாப்டர் வந்தது. வகுப்பில் சாக்கெட் எத்தனை? ஒன்று. கரும்பலகைக்குக் கீழே, ஒரு பக்கம் கருகிப் போய். எல்லா டேப்லெட்டையும் சேர்த்துப் போட்டால் மேலே காற்றாடி நிற்கிறது. கட்டடம் அவ்வளவு பழசு. ஏன் பழசு என்று கேட்டால், நிலம் தோட்டத்தினுடையது, அதனால் பள்ளி பகுதி உதவி பெறுவது. டீச்சர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், கட்டடம் என்று வந்தால் இழுபறிதான். தோட்டத்தில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் துரை பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது, அப்படி முளைத்த பள்ளிகள்தான் நம்முடையவை பல. துரை போனார், கித்தா, அதாவது ரப்பர், போய்ச் செம்பனை வந்தது, நிலப் பட்டா மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆக, குறை டேப்லெட்டில் இல்லை, அந்தப் பட்டாவில் இருக்கிறது. அதற்கு யாரும் பொன்னாடை போடமாட்டார்கள்.

இந்த எரிச்சலோடு படுத்திருந்த இரவில்தான் ரீட் ஹேஸ்டிங்ஸ் பற்றிப் படித்தேன். நெட்ஃபிளிக்ஸை மார்க் ராண்டால்ஃபோடு சேர்ந்து 1997இல் ஆரம்பித்தாரே, அவர்தான். நமக்கு நெட்ஃபிளிக்ஸ் வந்தது 2016 ஜனவரியில், அதனால் அவரைப் படம் காட்டுகிறவராக மட்டும்தான் தெரியும். நெட்ஃபிளிக்ஸுக்கு முன்னாலேயே அவர் ஒரு கம்பெனி வைத்து விற்றவர். பியூர் சாஃப்ட்வேர், 1991. அதில் பியூரிஃபை என்று ஒரு மென்பொருள்: புரோகிராம் எழுதுகிறவன் எங்கே நினைவகத்தை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் விட்டான், எங்கே தொடக் கூடாத இடத்தைத் தொட்டான் என்று தேடிக் கண்டுபிடித்துக் காட்டும். பழுது பார்க்கிறவனுக்கு இதைக் கேட்டாலே பிடித்துவிடும், எனக்குப் பிடித்துவிட்டது. 1995இல் பங்குச் சந்தைக்குப் போய், 1997இல் ரேஷனல் என்ற கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. மனிதர் கையில் நல்ல பணம்.

இரு இரு, ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். இவர் முதலில் வாத்தியார்! 1983இல் கல்லூரியில் கணிதம் முடித்த கையோடு அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டராக ஆப்பிரிக்காவில் ஸ்வாசிலாந்துக்குப் போய், 1985 வரை உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பீஸ் கோர் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், 1962லிருந்து மலேசியாவுக்கும் வாலிப வயது வெள்ளைக்காரர்கள் வந்து பள்ளியில், கிராமத்தில் எல்லாம் வேலை செய்தார்களே, அதே அமைப்பு. 1983இல் இங்கே மூடினார்கள், அந்த வருடம்தான் இவர் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார். கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தால் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நம் அண்ணன்மாருக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்திருப்பாரோ என்னவோ.

சரி, பணம் வந்ததும் என்ன செய்தார்? நம் ஆட்களாக இருந்தால் டேப்லெட். இவர் கலிபோர்னியாவில் ஒரு எண்ணைப் பிடித்தார். அங்கே சார்ட்டர் பள்ளி என்று ஒரு வகை. அரசாங்கப் பணம், கட்டணம் கிடையாது, ஆனால் மாவட்ட நிர்வாகத்தின் விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு, எப்படி நடத்துவது என்பதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளலாம். 1992இல் சட்டம் வந்தபோது மாநிலம் முழுக்க 100 பள்ளிதான் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். ஹேஸ்டிங்ஸ், டான் ஷால்வி என்ற ஒரு கல்வி மாவட்டத் தலைவரோடு சேர்ந்து, அந்த 100ஐத் தூக்கவேண்டும் என்று பொது வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வேட்டையில் இறங்கினார். பத்து லட்சத்துக்கும் மேலே கையெழுத்து. அதைப் பார்த்த சட்டமன்றம், வாக்கெடுப்புக்குப் போய் அடி வாங்குவதைவிட நாமே செய்துவிடலாம் என்று 1998இல் சட்டத்தை மாற்றியது. அந்த வருடம் 250, அதற்குப் பிறகு வருடத்துக்கு 100 கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்த எண்ணைக் கேட்டால் நீங்களே எழுந்து உட்காருவீர்கள். அங்கே பள்ளிக்கூடம் கட்ட உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுக் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தரவேண்டும், அப்போது மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. நூற்றுக்கு அறுபது பேர் சரி என்றாலும் கட்டடம் கிடையாது! 2000 மார்ச்சில் இதைப் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று மாற்றப் பார்த்தார்கள், தோற்றது. அதே வருடம் நவம்பரில் 55 சதவீதம் என்று வைத்து முன்மொழிவு 39 வந்தது. ஹேஸ்டிங்ஸும் ஜான் டோயர் என்ற முதலீட்டாளரும் பெரும் பணம் போட்டார்கள், ஜெயித்தது. அந்த முன்மொழிவுக்குள்ளேயே இன்னொரு வரி இருக்கிறது: சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போன்ற இடவசதியைக் கல்வி மாவட்டம் கொடுத்தாக வேண்டும். இடம், மக்களே, இடம்! நிலமும் கட்டடமும்! நான் படுக்கையிலிருந்து எழுந்து விளக்கைப் போட்டேன், வீட்டம்மா திட்டினார். நம் பள்ளி சார்ட்டர் பள்ளி இல்லை, எனக்கும் தெரியும், அங்கே மாநிலச் சட்டம், இங்கே கூட்டரசுக் கல்வி அமைச்சு. ஆனால் காரியம் அடைத்துக்கொண்டு நிற்பது எந்த வரியில் என்று தேடிப் போனாரே, அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. பியூரிஃபை எழுதின கை அல்லவா.

இதற்காக அவருக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. சார்ட்டர் பள்ளிகளை ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்கின்றன. பல சார்ட்டர் பள்ளிகளில் சங்கமே கிடையாது, அரசுப் பள்ளிக்குப் போகவேண்டிய பணம் இங்கே திரும்புகிறது என்பது அவர்கள் வாதம். தோட்டத்தில் தொழிற்சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை.

நான் நேராகவே முரண்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2000இல் ஆளுநர் கிரே டேவிஸ் இவரை மாநிலக் கல்வி வாரியத்தில் போட்டார், அடுத்த வருடம் வாரியத் தலைவர். 2005இல் பதவி போயிற்று. எப்படி? வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் இன்னும் கூடுதலாகப் பாடம், ஆங்கிலத்தில் தேர்வு என்று நின்றார். இருமொழிக் கல்விக்காரர்கள் எதிர்த்தார்கள், மேலவையில் இவருடைய ஜனநாயகக் கட்சிக்காரர்களே நியமனத்தை உறுதி செய்ய மறுத்துவிட்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரர் இந்த இடத்தில் பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்கவில்லை என்பது என் கருத்து. நமக்குத்தான் 2003 தெரியுமே. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில், ஒன்றாம் வகுப்பிலிருந்து. அப்போதும் மடிக்கணினி வந்தது, புரொஜெக்டர் வந்தது, சிடி வந்தது, ஆஹா ஓஹோ என்றார்கள். என் அக்கா மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில். சிடி பேசும், பிள்ளைகள் கிளி மாதிரித் திருப்பிச் சொல்லும், அப்புறம் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு முழுப் பாடத்தையும் தமிழில் மறுபடி நடத்துவார். 2009இல் இதை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள், 2012லிருந்து படிப்படியாகப் போனது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, என் தொழிலே ஆங்கிலக் கையேட்டில்தான் ஓடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியவேண்டும், அதற்கு வீட்டு மொழிதான் சரி. இதில் என்னோடு சண்டை போடுகிற பெற்றோர் நிறைய, வாருங்கள், கீழே எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் மனிதர் ஓயவில்லை. 2016இல் கல்விக்கென்று 100 மில்லியன் டாலர் நிதி. 2020இல் இவரும் மனைவியும் கறுப்பின மாணவர்களுக்கான இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு கல்வி நிதிக்குமாக 120 மில்லியன். அரசியலிலும் விடவில்லை. 2018இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் சார்ட்டர் பள்ளிகளை ஆதரிக்கும் வியராய்கோசா என்பவருக்காக 7 மில்லியன் இறக்கினார். அவர் முதல் சுற்றிலேயே காலி! ஜெயித்தது நியூசம். அதே நியூசமைப் பதவியிலிருந்து இறக்க 2021இல் வாக்கெடுப்பு வந்தபோது, இறக்கக் கூடாது என்று 3 மில்லியன் கொடுத்தது யார்? இவரேதான். எனக்கு இது பிடித்திருந்தது, தோற்ற கோபத்தை வைத்துக்கொண்டு திரியவில்லை. 2024இல் அதிபர் தேர்தலிலிருந்து பைடன் விலகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன பணக்காரர்களில் இவரும் ஒருவர்.

இவ்வளவு பணம் இருந்தால் நானும் செய்வேன் என்று உடனே யாராவது சொல்வீர்கள். நம் ஊரைப் பற்றியே சொல்கிறேன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டுக்காரர். ஐம்பதுகளில் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளியிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அவரும் போய்ப் பிடித்தது நிலத்தைத்தான், பாருங்கள். மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் இங்கே வந்ததும் அவர் முயற்சியில்தான். அரசியல் தெரியாத ஊரா இது? அமைச்சர் சாமிவேலு 1974லிருந்து வைத்திருந்த தொகுதியை 2008இல் எதிர்க்கட்சி டாக்டர் ஜெயக்குமாரிடம் கொடுத்த ஊர்.

அதனால் போன கூட்டத்தில் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது, மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் ஏதாவது போயிருக்கிறதா? தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் என் அடாப்டர் ரசீதைப் பார்த்தார். பழைய கோப்பு ஒன்று அலுவலக அலமாரியில் இருக்கிறதாம், பள்ளி விடுமுறை முடிந்ததும் எடுத்துத் தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் தோட்டத்துப் பள்ளி பகுதி உதவியிலிருந்து முழு உதவிக்கு மாறியிருந்தால், யார் எந்த அலுவலகத்துக்குப் போனார்கள், தோட்ட நிர்வாகம் நிலத்தை எப்படி விட்டுக்கொடுத்தது, எந்தக் காகிதத்தில் சிக்கியது என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவை அதை வைத்துத்தான் எடுக்கப்போகிறேன். நெட்ஃபிளிக்ஸில் எந்தப் பேக்கேஜ் எடுக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குப் படம் பார்க்க நேரமில்லை. சரி, ஷட்டரைத் தட்டுகிறார்கள், போய் என்ன போன் என்று பார்க்கிறேன்.