பங்கு இணையட்டும், கோயில் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, வேலை முடிந்த அலுப்போடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"அருகருகே இருக்கும் பங்குகள் ஒரே பங்காக இணைவது வளர்ச்சியா, இழப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "தாத்தாவுக்குக் கல்யாணம் நடந்த பீடத்தை, அப்பாவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த தொட்டியை ஒரு கடிதம் பறித்துக்கொண்டு போகலாமா?" என்று கேட்டார். அவையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கா சொன்னது ஒரு கோயிலைப் பூட்டிய கதை. நமக்குக் கொடுத்த தலைப்பு பங்குகள் இணைவது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இந்த அமெரிக்க நாட்டில் இத்தனை சண்டை வந்தது.

திருச்சபைச் சட்டம் குழப்பவில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 515-ஆம் எண், பங்கு என்றால் விசுவாசிகளின் நிலையான சமூகம் என்கிறது. அதை உருவாக்க, மாற்ற, இணைக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. குருக்கள் மன்றத்தைக் கேட்காமல் செய்யக் கூடாது. கோயில் கட்டடத்தை வழிபாட்டிலிருந்து விலக்குவதோ வேறு எண்ணில், 1222-இல் வருகிறது. அதற்குக் கனமான காரணம் வேண்டும். 2013-இல் வத்திக்கானின் குருக்கள் பேராயம் கொடுத்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போனது. பங்கு இல்லாமல் போனது என்பது மட்டுமே அந்தக் கோயிலை மூடப் போதுமான காரணம் ஆகாது என்று சொல்லிவிட்டது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு பங்கு என்றால் எத்தனை கிளைக் கிராமங்கள்! பங்குத்தந்தை ஓர் ஊரில் இருப்பார். சுற்றிலும் உள்ள ஊர்களில் ஒன்றில் அந்தோணியார் கோயில், ஒன்றில் சவேரியார் கோயில், இன்னொன்றில் மாதா கோயில். மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் உபதேசியார் மணியடிப்பார், ஊரே கூடிச் செபமாலை சொல்லும். ஒவ்வோர் ஊருக்கும் தனிக் கொடியேற்றம், தனித் திருவிழா, தனிச் சப்பரம். பங்கு ஒன்றுதான். அதனால் அந்த ஊர்களில் விசுவாசம் செத்துப்போய்விட்டதா? அங்கே வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

சரி, இப்போது நாம் வாழும் இந்தப் பிட்ஸ்பர்க்குக்கு வருவோம். இங்கே ஏன் தெருவுக்கு ஒரு கோயில்? இரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள் ஐரிஷ்காரர், ஜெர்மானியர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர், குரோவேசியர், இத்தாலியர். பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் நின்றுவிட்டு வந்தவன் பாவசங்கீர்த்தனத்தையாவது தன் மொழியில் சொல்ல வேண்டாமா? அதனால் மொழிக்கு ஒரு பங்கு வைத்தார்கள். கூலியிலிருந்து காசு காசாகக் கொடுத்துக் கட்டினார்கள். போலிஷ் ஹில் மேட்டில் இன்றும் தூரத்திலிருந்தே தெரிகிறதே மாதாவின் மாசற்ற இருதயக் கோயிலின் பெரிய குவிமாடம், அது 1905-இல் எழும்பியது. இரண்டு தெரு தள்ளி வேறு மொழிக்காரர் கோயில் இருந்தாலும் அன்றைக்கு அது வீண் செலவில்லை, தேவை.

அப்புறம் ஆலைகள் போயின. ஹோம்ஸ்டெட் ஆலை 1986-இல் மூடப்பட்டது. 1950-இல் சுமார் 6,76,000 பேர் இருந்த பிட்ஸ்பர்க் நகரம் 2020-இல் சுமார் 3,03,000 பேராகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் வேலை தேடி வேறு மாநிலம் போனார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் போலிஷும் தெரியாது, ஸ்லோவாக்கும் தெரியாது. 2000-க்குப் பிறகு ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்துவிட்டார்கள் என்று மறைமாவட்டமே 2018-இல் சொன்னது. இப்போது கணக்குப் போடுங்கள். அறுநூறு பேர் உட்காரும் கோயிலில் அறுபது பேர். குளிர்காலத்தில் கொதிகலன் எரியும் செலவு அறுநூறு பேருக்கானது. கூரை ஒழுகுகிறது. ஒரே குருவானவர் காலை எட்டு மணிப் பூசையை முடித்து அங்கியைக் கூடச் சரியாகக் கழற்றாமல் காரில் ஏறி ஒன்பதரை மணிப் பூசைக்கு ஓடுகிறார். பூசை முடிந்து வாசலில் நின்று, "உங்கள் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இரண்டு பங்கு என்றால் இரண்டு நிதிக்குழு, இரண்டு தணிக்கை, இரண்டு அலுவலகம். மறைக்கல்விக்கு இங்கே நான்கு பிள்ளைகள், அங்கே ஐந்து. ஒன்பது பேரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். அப்போதுதான் வகுப்புக்கு உயிர் வரும்.

எதிரணித் தம்பி ஒருவர் பாஸ்டனைக் கொண்டுவந்தார். கொண்டுவர வேண்டிய ஊர்தான். 2004 மே மாதம், 357 பங்குகளில் 65-ஐ மூடப்போவதாக அங்கே அறிவித்தார்கள். சிச்சுவேட் ஊரில் கப்ரீனி அம்மாள் பெயரிலிருந்த கோயில் மக்கள் அந்த அக்டோபரில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முறை வைத்து இரவும் பகலும் காவல் இருந்தார்கள். வத்திக்கான் வரை முறையிட்டார்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றக் கதவையும் தட்டினார்கள். 2016 மே மாதம்தான் வெளியே வந்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு மேல்! அந்த மக்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி, அங்கே எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துப் பங்குகளைக் குழுக்களாக உட்கார வைத்து, மூடுவதென்றால் எதை மூடலாம் என்று மார்ச்சுக்குள் சொல்லச் சொன்னார்கள். மே மாதம் பட்டியல் வந்துவிட்டது. பக்கத்துக் கோயில்காரர் நம் கோயிலின் பெயரை எழுதிக் கொடுத்தாரோ என்ற சந்தேகத்தோடு எப்படி அவரோடு ஒரே பெஞ்சில் உட்காருவது? அதற்கு முந்தின ஆண்டுதான், குருக்களின் பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 8.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க அந்த மறைமாவட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. நம் கோயிலை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். மறைமாவட்டம் மறுத்தது, மக்கள் நம்பவில்லை. பாஸ்டனில் நடந்தது அவசரம், அதோடு நம்பிக்கை முறிவு. அங்கே மக்களைப் புண்படுத்தியது அதுதான். அதே பாஸ்டன் 2012-இல் பாடம் படித்து வேறு வழியில் போனது. 288 பங்குகளைச் சுமார் 135 கூட்டுக் குழுக்களாக்கி, குருக்களைப் பகிர்ந்துகொள்ளச் செய்து, ஒவ்வொரு பங்கையும் தனிப் பங்காகவே வைக்கத் திட்டமிட்டது.

பிட்ஸ்பர்க்கும் பழைய தவறு செய்த ஊர்தான். இங்கே வடகரையில் தூய நிக்கோலாஸ் பெயரில் குரோவேசியர் கோயில் இருந்தது. 2004-இல் மூடினார்கள், 2013 ஜனவரியில் இடித்தார்கள். நெடுஞ்சாலையோரம் அந்த வெற்றிடத்தைக் கடக்கும் குரோவேசியப் பாட்டியிடம் போய் நான் வளர்ச்சி பேச மாட்டேன். ஆனால் அந்தக் குரோவேசியரின் இன்னொரு கோயில் பக்கத்து ஊரான மில்வேலில் நிற்கிறது. ஓவியர் மாக்ஸோ வான்கா அதில் 1937-இலும் 1941-இலும் தீட்டிய சுவரோவியங்களைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அந்த மில்வேல் கோயிலும், போலிஷ் ஹில் கோயிலும், கீழே ஸ்ட்ரிப் சந்தைப் பகுதியின் தூய ஸ்தனிஸ்லாஸ் கோயிலும் ஒரே கூட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டன. குரோவேசியரும் போலந்துக்காரரும் கட்டியவை. சேர்ந்திருப்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைக்கிறது.

2018 ஏப்ரலில் இங்கே 188 பங்குகளை 57 குழுக்களாக ஆக்குவதாக அறிவித்தார்கள். அதற்கான ஆலோசனை 2015-இலேயே தொடங்கிவிட்டது. அக்டோபரில் முதலில் குருக்களும் பூசை நேரமும் பொதுவாயின. பங்குகள் தனித்தனியாகவே இருந்தன. அதன் பிறகுதான் குழுக் குழுவாக இணைப்பு. எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிப் பொய் பேச மாட்டேன். இணைந்த பின்னும் கோயில்கள் மூடப்பட்டன, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் தயாரிப்புக்கு ஆண்டுக்கணக்கில் இடம் கிடைத்த ஊர்களில் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் இணையத் தயாரான இரண்டு பங்குகள். இரண்டிலும் தவக்கால வெள்ளிதோறும் மீன் பொரித்து விற்பார்கள். பிட்ஸ்பர்க்கில் ஃபிஷ் ஃப்ரை என்றால் திருவிழாவுக்குச் சமம், வரிசை தெரு வரை நிற்கும். ஒரு சமையலறையில் மீனை மாவுக் கரைசலில் முக்குவார்கள், மற்றதில் ரொட்டித் தூளில் புரட்டுவார்கள். இனி எது என்று வந்தபோது கூட்டுக் குழுவில் சொத்துப் பேச்சை விட இதற்குத்தான் குரல் உயர்ந்தது. ஒருவர் மேசையில் இருந்த சமையலறைச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பங்குத்தந்தை தீர்ப்புச் சொல்லவில்லை. "இந்த வியாழக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் பியரோகி மடியுங்கள்" என்று மட்டும் சொன்னார். நீளமான மேசை, மாவு தூவிய கைகள். உருளைக்கிழங்கு மசியலை நடுவில் வைத்து, நம் சோமாசி மாதிரி மடித்து ஓரத்தை அழுத்த வேண்டும். அடுத்த பங்குக்காரர்கள் அழுத்தியது கொதிநீரில் வாய் பிளந்தது. சாவியை எடுத்துக்கொண்ட அம்மாதான் எழுந்து போய், விரலைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் எப்படித் தடவ வேண்டும் என்று அடுத்த பங்குப் பெண்ணின் கையைப் பிடித்துக் காட்டினார். அடுத்த வாரம் மீன் இரண்டு வகையாகவும் விற்றது. சாவி சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. இணைப்பு ஆணை வந்தது அதற்கும் பல மாதம் கழித்து.

இப்படித்தான் தயாராக வேண்டும். முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். எந்தப் பங்குக்கு எவ்வளவு கடன், கல்லறைத் தோட்ட நிதி எவ்வளவு என்று இரு பக்கமும் தெரிய வேண்டும். 121-ஆம் எண் சட்டப்படி இணையும் பங்குகளின் சொத்தும் கடனும் புதிய பங்குக்கே வந்து சேரும். காணிக்கை கொடுத்தவர்களின் நோக்கத்தை மீறவும் கூடாது. பாட்டி எழுதி வைத்த பணம் எங்கேயோ போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. பாடகர் குழுக்கள் சேர்ந்து பாடிப் பழகட்டும். பீடச்சிறுவர்கள் இரண்டு பீடத்திலும் நிற்கட்டும். திருமுழுக்குப் பதிவேடுகளைப் பத்திரமாக ஒரே இடத்தில் வையுங்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி ஒருநாள் யாராவது வருவார்கள்.

"குருக்கள் போதவில்லை என்பது பங்கை ஒழிக்கக் காரணமாகாது என்று 2020 ஜூலையில் வத்திக்கானே எழுதியிருக்கிறதே" என்று எதிரணித் தலைவர் கேட்டார். எழுதியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டு மக்களைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்று அதே ஆவணம் கண்டிக்கிறது. அந்தப் பக்கங்களை நான் முழு மனதோடு ஏற்கிறேன். குரு இல்லை என்பதற்காக இணையச் சொல்லவில்லை. தனியாக நின்றால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி இல்லை, படுக்கையில் கிடப்பவருக்கு நற்கருணை கொண்டுபோக ஆளில்லை, பசித்து வருபவருக்கு ஒரு பை அரிசி கொடுக்க வழியில்லை. அதற்காகத்தான் இணையச் சொல்கிறேன்.

காலம் பிடிக்குமே என்பவர்களுக்கு நம் வரலாற்றிலிருந்தே பதில் உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் சில புராட்டஸ்டன்ட் குருமார் கூடி, ஊருக்கு ஒரு பிரிவாக நாம் பிரிந்து நிற்பது சாட்சிக்கே கேடு என்று அறிக்கை விட்டார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அவர்களில் ஒருவர். இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். 28 ஆண்டு பேசினார்கள். பேராயர் யார், கைவைத்து அபிஷேகம் செய்வது யார் என்று ஒவ்வொரு வரிக்கும் வாதம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரியில் இறந்துவிட்டார். பார்க்க முடியாத ஒன்றுக்காக அவர் தன் ஆயுளின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளைக் கொடுத்தார். பக்கத்துத் தெருவில், அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் மக்களோடு இணைய நாம் நான்கைந்து ஆண்டு கொடுக்கக் கூடாதா?

மணி அடித்துவிட்டது, பெயர்ப் பிரச்சினையை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதிய பங்குக்குப் புதிய பெயர் வைக்கலாம்; இங்கே மக்களிடமே பெயர் கேட்டுத்தான் ஆயர் வைத்தார். ஆனால் பங்கின் பெயர் மாறினாலும் கோயிலின் பெயர் மாறாது. ஸ்தனிஸ்லாஸ் கோயில் ஸ்தனிஸ்லாஸ் கோயில்தான், பாதுகாவலர் திருநாள் அந்தந்தக் கோயிலில் அந்தந்த நாளில்தான். ஆகவே நடுவர் அவர்களே, இணைவது வளர்ச்சியே என்று தீர்ப்புச் சொல்லும்போது, இரண்டு கோயிலின் திருநாளையும் புதிய பங்கு கட்டாயம் கொண்டாட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். எதிரணி அக்காவின் தாத்தா கல்யாணம் முடித்த பீடத்தில் அந்த நாளில் பூசை நடக்க வேண்டும், இரண்டு பங்குப் பாடகர் குழுவும் அங்கே பாட வேண்டும். நன்றி, வணக்கம்.