என்ஜின் ரூம்காரர்களுக்கு யார் கை தட்டுவது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கொஞ்சம் டீசல் வாசனை அடிக்கிற விஷயம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் கப்பல்களை ஓட வைக்கிற பொறியாளர்களில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுகிற வழக்கம் வைத்திருக்கிறது. "இதற்கு ஒரு வீடியோவா?" என்று கேட்பீர்கள். நானும் சரக்குக் கப்பல் என்ஜின் ரூமில் குப்பை கொட்டினவன்தான். அதனால் இந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தால் நின்று படிப்பேன். படிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வரும்: என்ஜின்காரன் நன்றாக வேலை செய்தான் என்பதை எதை வைத்துச் சொல்வது?

கடலில் குதித்து ஆளைத் தூக்கி வருகிறவரை ஹெலிகாப்டர் கேமரா படம் பிடிக்கும். கீழே, கழிவுநீர் சேருகிற கப்பலின் அடித்தளமான பில்ஜில், முழங்கால் போட்டு வால்வைத் திருகுகிறவரை யார் படம் பிடிக்கிறார்கள்? அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. கப்பல் போகும், வரும், அவ்வளவுதான். எதுவும் நடக்காததற்கு எப்படிப் பதக்கம் கொடுப்பது?

சரி, முதலில் எல்லாமே நடந்த ஒரு கதையிலிருந்து வருவோம். 1952 பிப்ரவரி 18. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கரைக்கு அப்பால் பெண்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் பனிப்புயலில் இரண்டாக உடைந்துவிட்டது. பின்பாதியில் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். அதே காவல்படையின் சாத்தம் நிலையத்திலிருந்து 36 அடி நீளமுள்ள ஒரு மரப்படகில் நான்கு பேர் கிளம்பினார்கள். படகை ஓட்டியவர் பெர்னார்ட் வெபர். என்ஜினுக்கு ஆண்ட்ரூ ஃபிட்ஸ்ஜெரால்ட், இருபது வயதை ஒட்டிய பையன். வழக்கமாகப் போக வேண்டிய மூத்தவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் இவர் போனார்.

அந்த இடத்தில் மணல்திட்டு ஒன்று உண்டு. அதன் மேல் அலைகள் எழும்பி உடையும். முதல் அலையிலேயே கண்ணாடி நொறுங்கியது, திசைகாட்டி போனது. படகு ஏறக்குறைய பக்கவாட்டில் படுத்து எழுந்ததில் என்ஜினும் நின்றுவிட்டது. 90 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். ரொம்பச் சாய்ந்தால் பெட்ரோல் வருவது நின்றுவிடும், மறுபடி பிரைம் செய்தால்தான், அதாவது பெட்ரோலைக் கையால் ஏற்றிவிட்டால்தான், கிளம்பும். ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்தக் குறுகிய அறைக்குள் தவழ்ந்து போய், சூடான என்ஜின் மேல் மோதிச் சுட்டுக்கொண்டு, அதை மறுபடி ஓட வைத்தார். என்ஜின் இல்லாமல் அந்த இடத்தில் கிடந்தால் அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்துவிடும். அவருக்குக் கிடைத்த நேரம் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இருந்த நேரம்தான்.

அன்றைக்கு அந்தச் சின்னப் படகில் 32 பேரை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம்தான். வெபருக்குத் தங்க உயிர்காப்புப் பதக்கம், மற்ற மூவருக்கு வெள்ளி என்று முதலில் பேச்சு. மூன்று பேருக்கும் தங்கம் இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று வெபர் சொல்லிவிட்டார். நான்கு பேருக்கும் தங்கம் கிடைத்தது. சுக்கான் பிடித்தவருக்கு ஒரு தராசு, என்ஜின் பார்த்தவருக்கு வேறு தராசு என்று வைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நால்வரில் கடைசியாக இருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் 2018-ல் காலமானார்.

இது சொல்வதற்கு எளிதான கதை. புயல் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எண்ணிப் பார்க்க 32 தலைகள் இருக்கின்றன. விருதுக் குழுவுக்கு வேலையே இல்லை. இப்போது கொஞ்சம் சிக்கலான கப்பலுக்குப் போவோம்.

போலார் ஸ்டார். 1976-ல் சேவைக்கு வந்த பனி உடைப்புக் கப்பல், 399 அடி நீளம். வழக்கமாகத் தென்துருவக் கோடையில் அண்டார்டிகாவின் மெக்மர்டோ தளத்துக்கு எரிபொருளும் சரக்கும் கொண்டு போகிற கப்பல்களுக்கு இதுதான் பனியில் வழி வெட்டிக் கொடுக்கும். சாதாரண ஓட்டத்துக்கு டீசல்-மின்சார அமைப்பு, 18,000 குதிரைத்திறன். பனி தடித்துவிட்டால் மூன்று காஸ் டர்பைன்களைக் கிளப்புவார்கள், 75,000 குதிரைத்திறன். ஆறடிப் பனியை 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் நிற்காமல் உடைத்துக்கொண்டு போகும். அதைவிடத் தடித்தால் பின்வாங்கி, வேகமெடுத்து, மோதி, ஏறி, மறுபடி பின்வாங்க வேண்டும். அப்படி 21 அடி வரைக்கும் உடைக்கும்.

அந்த மோதலைக் கப்பலுக்குள்ளே இருந்து யோசித்துப் பாருங்கள். மோதுகிற ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி புரொப்பெல்லரைச் சுழற்றுகிற தண்டான ஷாஃப்ட், பேரிங், சீல், குழாய், மின்பலகை என்று எல்லாவற்றிலும் இறங்கும். அரை நூற்றாண்டு பழைய குழாய்கள். வெல்டிங் விட்டுப்போகும், போல்ட் தளரும், சுவிட்ச் கழன்றுகொள்ளும். மேலே இருப்பவருக்கு அது பனி உடையும் சத்தம். கீழே இருப்பவருக்கு அது வரப்போகிற வேலைகளின் பட்டியல்.

2018 ஜனவரியில் மெக்மர்டோவுக்குப் பக்கத்தில் அது மொத்தமாக வந்தது. முதலில் மூன்று டர்பைன்களில் ஒன்று போய்விட்டது, ஊருக்குத் திரும்பினால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலை. சில நாளிலேயே ஷாஃப்ட் சீல் விட்டுவிட்டது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கப்பலின் உடலைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், ஷாஃப்ட் சுற்ற வேண்டும், ஆனால் கடல் உள்ளே வரக்கூடாது. அந்தக் காவல் வேலையைச் செய்கிற சாமான்தான் சீல். அது போனால் கடல் என்ஜின் ரூமுக்குள் வந்துவிடும். வந்தது. ஆபத்து மணி அடித்து, ஆட்கள் இறங்கி, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, சீலைத் தற்காலிகமாகச் சரிசெய்தார்கள். அந்தத் தற்காலிக வேலை அந்தப் பயணத்தின் அண்டார்டிகா வேலை முடிகிற வரைக்கும் தாங்கியது. என்ஜின் ரூம்காரர்களுக்குத் தெரியும், "தற்காலிகம்" என்று எழுதிவிட்டு அது தாங்குமா என்று ஒவ்வொரு வாட்ச்சிலும் (காவல் முறையிலும்) டார்ச் அடித்துப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று.

அடுத்த ஆண்டும் அதே கப்பல், அதே கடல். மறுபடி ஷாஃப்ட் பக்கம் கசிவு. இந்தத் தடவை மூழ்காளர்கள் வெளியே இறங்கினார்கள், அந்தத் தண்ணீரில்! வெளிப்பக்கம் ஒட்டுப் போட்டு அடைத்தார்கள், அதற்குள் என்ஜின் ரூமிலிருந்து சீலைச் சரிசெய்தார்கள். அப்புறம் பனி உடைக்கும்போதே கப்பல் முழுக்க மின்சாரம் போனது. மொத்த மின் அமைப்பையும் அணைத்து மறுபடி உயிர் கொடுக்க ஒன்பது மணி நேரம் ஆனது. ஒரு மின்பலகை புகைந்தது, அதையும் சரிசெய்தார்கள். குடிநீர் தயாரிக்கிற இரண்டு எவாப்பரேட்டர்களில் ஒன்று நின்றுபோனது, வெல்லிங்டன் துறைமுகத்தில் சாமான் கிடைத்த பிறகுதான் அது திரும்ப ஓடியது. திரும்பும் வழியில், பிப்ரவரி 10-ம் தேதி, குப்பை எரிக்கிற அறையில் தீ. முதலில் எடுத்த நான்கு தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரம் போராடி அணைத்தார்கள். யாருக்கும் காயம் இல்லை.

இத்தனையும் ஒரே பயணத்தில்! இந்தக் கப்பலின் டெக்னீஷியன்களுக்குப் பாராட்டுப் பத்திரம் எழுத உட்கார்ந்தால் பேனா மை தீர்ந்துவிடும்.

ஆனால் எனக்கு இங்கேதான் கொஞ்சம் உறுத்துகிறது. இந்தக் கப்பலுக்குப் போலார் சீ என்று ஒரு தங்கை இருந்தது. 2010-ல் அதன் என்ஜின்கள் போயின, அதற்கப்புறம் அது கடலுக்குப் போகவே இல்லை. அதிலிருந்து சாமான்களைக் கழற்றித்தான் அக்காவை ஓட்டினார்கள். தயாரிப்பு நின்றுபோன சில உதிரிகளை ஈபேயில் தேடி வாங்கியதாகக் காவல்படையினரே சொல்லியிருக்கிறார்கள். மாற்றுக் கப்பல்களுக்கு 2019-ல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கப்பல் 2024-ல் வரும் என்றார்கள், அது 2030-ஐ ஒட்டித் தள்ளிப் போய்விட்டது. நடுவில் இருப்பதை ஓட்ட 2021 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு பயணம் முடிந்ததும் போலார் ஸ்டாரைக் கலிபோர்னியாவில் வாலெஹோ உலர்துறைக்கு (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கிற இடத்துக்கு) கொண்டுபோய்ப் பகுதி பகுதியாகப் புதுப்பித்தார்கள்.

அதாவது, சில பாராட்டுகளில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. "எங்கள் பொறியாளர்கள் எதையும் ஓட வைத்துவிடுவார்கள்" என்று மேடையில் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். அதே வாக்கியம் பட்ஜெட் மேசைக்குப் போனால் "அப்படியானால் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டட்டுமே" என்று மாறிவிடும். எங்கள் கம்பெனிகளிலும் இது உண்டு, பெயர் வேண்டாம். ஸ்பேர் கேட்டால் வராது, சீஃப் இன்ஜினியர் எதையோ வெட்டி ஒட்டிச் சமாளித்தால் "வெல் டன்" என்று மெயில் மட்டும் வரும்.

எனக்கு மட்டும் விருது கொடுக்கிற அதிகாரம் இருந்தால் அதை ஒரு பெயர் தெரியாத ஆளுக்குக் கொடுப்பேன். ஹீலி என்று இன்னொரு பனி உடைப்புக் கப்பல் இருக்கிறது, 420 அடி, 1990-களின் கடைசியில் கட்டியது. 2020 ஆகஸ்டில் ஆர்க்டிக் போகிற வழியில், அலாஸ்காவின் சூவர்ட் ஊருக்கு அப்பால், அதன் வலப்பக்க உந்து மோட்டாரில் தீப்பிடித்தது. அரை மணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள், ஆனால் மோட்டார் போய்விட்டது. பயணம் ரத்து. அந்த மோட்டார் கடையில் கிடைக்கிற சாமானா? 106 டன். புதிதாகச் செய்யச் சொன்னால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆனால் கப்பல் கட்டிய காலத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் கூடுதலாக ஒரு மோட்டாரும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். அது இருபது வருஷத்துக்கு மேல் பால்டிமோரில் கிடங்கில் இருந்தது. அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், கப்பலை உலர்துறையில் ஏற்றி, வெட்டித் திறந்து, பழையதை எடுத்துப் புதியதை உள்ளே இறக்கினார்கள். 2021-ல் ஹீலி கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் வழியாகப் போகிற வடமேற்குக் கடல்வழியைக் கடந்து வட அமெரிக்காவையே சுற்றி வந்தது.

அந்தக் கூடுதல் மோட்டாருக்குக் கையெழுத்துப் போட்டவரை யோசித்துப் பாருங்கள். எத்தனை தணிக்கையில் "இவ்வளவு பெரிய சாமான் எதற்குச் சும்மா கிடக்கிறது?" என்று கேட்டிருப்பார்களோ! அந்தக் கிடங்கில் அதை ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டவரும் யாரோ ஒருவர்தான். தீயணைத்தவர்களுக்குப் பதக்கம் போவது நியாயம், நான் மறுக்கவில்லை. இந்த ஆளை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதுதான் என் கேள்வி. அதனால், சிறந்த பொறியாளரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் எத்தனை விபத்தைச் சமாளித்தார் என்பதோடு, எத்தனை நாள் கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது என்ற பதிவேட்டையும் புரட்ட வேண்டும். பராமரிப்பு அட்டவணையில் நிலுவை எவ்வளவு, அவரிடம் வேலை கற்ற இளையவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அது சுவாரசியமே இல்லாத காகிதம். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் அந்தக் காவல்படை அழகாகச் செய்கிறது. சென்டினல் வகை ரோந்துக் கப்பல்களுக்கு ஜெனரல், அட்மிரல் பெயர் வைப்பதில்லை, சாதாரண நிலையில் வேலை பார்த்தவர்களின் பெயரை வைக்கிறார்கள். அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். ராபர்ட் யெரெட் ஓர் என்ஜின்மேன். 1968-ல் வியட்நாமில் வெடிமருந்து ஏற்றிய பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) பிடித்த தீயை அணைத்ததற்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றவர். சார்லஸ் செக்ஸ்டன் மெஷினரி டெக்னீஷியன். 1991-ல் கொலம்பியா நதி முகத்துவாரத்தில், மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிக் கப்பலில் காயம்பட்டவரைக் கவனிக்க ஏறி, திரும்பவில்லை. மர்ட்டில் ஹசார்ட் 1918-ல் அந்தப் படையில் சேர்ந்த முதல் பெண், எலக்ட்ரீஷியன். அவர் பெயர் தாங்கிய கப்பல் இன்றைக்கு குவாம் தீவில் நிற்கிறது.

உத்தண்டியில் கடல்சார் பல்கலைக்கழகத்திலும் வேறு கல்லூரிகளிலும் மரைன் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள். உங்கள் கப்பலில் யாருக்குப் பாராட்டு கிடைத்தது, யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று கமென்டில் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், வேலையை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வீடியோவில் இந்த ஷாஃப்ட் சீலைத் தனியாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறேன். நேற்றே கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.