"அதெல்லாம் சர்ச்சை, விடுங்க": சுருக்குமடி வலையை வைத்து ஒரு விளக்கம்

(திரையில்: கடலூர் மீன்பிடித் துறைமுகம். விடிந்தும் விடியாத நேரம், ஏலம் நடக்கிறது.)

வணக்கம். இந்த ஏலக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மூன்று விதமான பேச்சு காதில் விழும். "வஞ்சிரத்தைவிட சங்கராதான் ருசி." "இந்த மீனுக்கு இந்த விலை நியாயமே இல்லை." "சுருக்குமடியா? அதெல்லாம் சர்ச்சை, விடுங்க." மூன்றுக்கும் நாம் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறோம்: அவரவர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ருசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சங்கரா பிடிக்காத ஒருவரிடம் "நீங்கள் சொல்வது தப்பு" என்று எதைக் காட்டி நிரூபிக்க முடியும்? முடியாது. அது அவர் நாக்கோடு சேர்ந்த விஷயம். ஆனால் அந்த மீன் புதுசா பழசா என்பது அப்படி இல்லை.

(திரையில்: ஒரு கை சங்கராவின் செவுளைத் தூக்கிக் காட்டுகிறது.)

செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு. வெளிறிப் பழுப்பேறி இருந்தால் பழசு. அந்த இடத்தில் வியாபாரி "அது உங்கள் கருத்து" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சரி, இப்போது சர்ச்சைக்கு வருவோம்.

(திரையில்: வலை வட்டமாக இறங்கும் வரைபடம்.)

சுருக்குமடி வலையைக் கூட்டமாகப் போகும் மீனைச் சுற்றிச் சுவர் போல இறக்குவார்கள். அடிப்பக்கம் வளையங்களுக்குள் ஒரு கயிறு ஓடும். அதை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி அடி மூடிக்கொள்ளும். மத்தி, கானாங்கெளுத்தி என்று கூட்டம் மொத்தமும் உள்ளே. தமிழ்நாடு அரசு 2000-இல் இதைத் தடை செய்தது. 2021 ஆகஸ்டில் புதுச்சேரியில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்கள் இந்த வலை விஷயத்தில் மோதிக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், இந்த வலையைப் போடலாம், காலை 8 மணிக்கு மேல் கிளம்பி மாலை 6 மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்றது.

ஆக, சர்ச்சை இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது ஜனங்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறோம். யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதற்குள் "சர்ச்சை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பிழைப்பு இருக்கிறது.

நியாயம் என்று வந்துவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் எதிரில் நிற்பவர் எடை போட்டுப் பார்க்கக்கூடிய காரணம். ஃபைபர் படகுக்காரர் சொல்வது இது: "கூட்டத்தையே ஒருவர் வாரிக்கொண்டு போய்விட்டால், கரையோரத்தில் சின்ன வலை போடும் எனக்கு என்ன மிஞ்சும்?" சுருக்குமடிக்காரர் சொல்வது இது: "கேரளாவில் போடுகிறார்கள். கடன் வாங்கி வலை வாங்கிய நான் மட்டும் ஏன் போடக்கூடாது?" இரண்டுமே காரணங்கள். சங்கரா பிடிக்கும், பிடிக்காது என்பது போன்ற பேச்சு இல்லை.

அந்த நேரக் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 கடல் மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். போக 22, வர 22. நடுவில் கூட்டத்தைத் தேட வேண்டும், வலையை வளைக்க வேண்டும், இழுக்க வேண்டும், மீனை அள்ள வேண்டும். எல்லாம் பத்து மணி நேரத்துக்குள். "இது கட்டுப்படியாகாது" என்று சுருக்குமடிக்காரர்கள் சொன்னபோது அதையும் சர்ச்சைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் படகின் வேகமும் டீசல் செலவும் தெரிந்தால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கட்டுப்படியாகாது என்று கணக்கு சொன்னாலும், அதற்காக விதியைத் தளர்த்துவது ஃபைபர் படகுக்காரருக்கு நியாயமா என்ற கேள்வி தனியாக நிற்கும். அதைக் கணக்கு தீர்க்காது. கரையோர மீன் யாருக்கு முதலில் சேர வேண்டும், யாருடைய நஷ்டத்தை எவ்வளவு தாங்கலாம் என்று உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். பேசித் தீர்க்க வேண்டியிருப்பதாலேயே அது வெறும் விருப்பு வெறுப்பு ஆகிவிடாது.

(திரையில்: இறங்குதளத்தில் கொட்டிய மத்தி. குஞ்சு மீன்கள் ஒரு பக்கம் பிரித்து வைக்கப்படுகின்றன.)

குஞ்சு மீன் எவ்வளவு சிக்குகிறது என்பதும் இதே போலத்தான். ஒரு தரப்பு "நிறைய" என்கிறது, மறு தரப்பு "இல்லவே இல்லை" என்கிறது. நம் கரையோரம் முழுக்க இறங்கும் மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்கெடுக்கிறது. அதனால் முறை புதிதில்லை. இரண்டு தரப்பு ஆட்களையும் பக்கத்தில் நிறுத்தி, சுருக்குமடிப் படகு இறக்கும் கூடைகளில் சிலவற்றை எடுத்துக் குஞ்சைப் பிரித்து எடை போட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தராசிலேயே தெரிந்துவிடும். கடலூரில் முதலில் நடக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பங்கு எப்படி, நாள் எத்தனை, தூரம் எவ்வளவு என்ற பேச்சையெல்லாம் அந்த எடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.