அந்தக் கார்டுல அப்படி என்ன ஆபாசம்?

சரி, அடுத்த கேள்வி. போன வீடியோல, இங்கிலாந்து கடற்கரை ஊர்கள்ல வித்த பழைய ஜோக் போஸ்ட்கார்டு சிலது காட்டியிருந்தேன் இல்லையா? ஒரு நேயர் கேட்டிருக்கார்: "குண்டம்மா, ஒல்லிப் புருஷன், சிவந்த மூக்குக் குடிகாரர், பாதிரியார்... திரும்பத் திரும்ப இதேதான். இதுல என்ன சிரிப்பு? இதுக்குப் போய் கோர்ட்டு கேஸ் வேறயா?"

நியாயமான கேள்விதான். ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, இது உறைக்குள்ள போட்டு ஒட்டுற கடுதாசி இல்ல, திறந்த கார்டு. தபால்காரர் படிப்பார், மாமியார் படிப்பாங்க. பச்சையா எதையும் எழுத முடியாது. வரியைப் படிச்சா ஒரு தப்பும் இருக்கக் கூடாது, ஆனா படிக்கிறவர் மனசுல வேற ஒண்ணு ஓடணும். சிரிச்சீங்கன்னா மாட்டிக்கிட்டீங்க!

இதுல ராஜான்னா டொனால்ட் மெக்கில். 1904ல ஆரம்பிச்சவர், சுமார் 12,000 படம் வரைஞ்சதா கணக்கு சொல்றாங்க. அவரோட பேர்போன கார்டுல, கையில புத்தகத்தோட ஒரு பையன் பக்கத்துல இருக்குற பொண்ணைக் கேக்குறான்: "உனக்கு கிப்ளிங் பிடிக்குமா?" அதாங்க, பம்பாயில பிறந்தாரே, அந்த எழுத்தாளர். அவ சொல்றா: "தெரியலையே, போக்கிரிப் பயலே, நான் இதுவரைக்கும் கிப்பிள் பண்ணதே இல்ல!" 'ஸ்விம்மிங், டான்ஸிங்' மாதிரி இதுவும் ஏதோ பண்ற காரியம்னு அவ நினைச்சுக்கிறா. என்ன காரியம்? கார்டு வாயே திறக்காது. அறுபது லட்சத்துக்கு மேல வித்துச்சுன்னு சொல்வாங்க.

வாங்கினவங்க யாருன்னும் பாக்கணும். லங்காஷயர் பஞ்சாலை ஊர்கள்ல வருஷத்துல ஒரு வாரம் மில்லையே மூடிடுவாங்க, ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிடும். வருஷம் பூரா மெஷின் முன்னாடி நின்னவங்களுக்கு அந்த ஒரு வாரம் கொஞ்சம் அவுத்து விட்ட மாதிரி. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1941ல மெக்கிலைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். கல்யாணம், குடும்பம்ங்கிற கட்டுப்பாடு பலமா இருக்குற சமூகத்துலதான் இந்த ஜோக்கெல்லாம் எடுபடும்ங்கிறது அதுல ஒரு முக்கியமான பாயிண்ட். எனக்கும் அது சரின்னுதான் படுது.

கேஸ் விஷயம். 1954ல இங்கிலாந்துல லிங்கன்ங்கிற நகரத்துல மெக்கில் மேல ஆபாச வழக்கு. சட்டம் 1857ஆம் வருஷத்துது, அவருக்கு வயசு 79. அபராதம் 50 பவுண்டு, செலவுக்கு 25 பவுண்டு. கூத்து என்னன்னா, ஒரு ஊர்ல தடை பண்ண கார்டு அடுத்த ஊர்க் கடையில ஜோரா தொங்கும். ரெட்டை அர்த்தத்தை ஆபாசம்னு நிரூபிக்கணும்னா, கார்டு சொல்லாம விட்டதை அரசுத் தரப்பு எடுத்துச் சொல்லியாகணும். மெக்கில் தரப்பு சும்மா இருக்குமா? எனக்கு அந்த அர்த்தம் தோணவே இல்ல, பின்னாடி யாரோ சொல்லித்தான் தெரியும்னு ஒரு கார்டுக்கு விளக்கம் எழுதி வச்சிருந்தார் மனுஷன்!

குண்டம்மா கார்டுகளைப் பத்திக் கேட்டீங்கன்னா, அதுல பாதிக்கு எனக்கும் சிரிப்பு வரல. உடம்பைக் கேலி பண்றது சீக்கிரம் சலிச்சுப் போயிடுது. கிப்ளிங் மாதிரி, ஒரு அப்பாவி வரியை வச்சு நம்மளை மாட்டிவிடுற கார்டுகள்தான் இன்னைக்கும் நிக்குது. சரி, அடுத்த கேள்வி...