கடைசிப் பக்கம் வாசகருக்குச் சேர வேண்டியது

எல்லாருக்கும் வணக்கம். கல்லடி ஆக்கள் மட்டுமில்ல, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கீங்க, பெரிய சந்தோசம். மர்மக்கதை எழுதுறவன் என்னத்த வாசிப்பான், வாசகரக் கண்டா என்னத்தக் கதைப்பான், இதத்தான் பேசச் சொன்னாங்க.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில வளந்தவன். கரண்ட் இல்லாத காலம், குப்பி விளக்குத்தான், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, அதால ஒரு ராவைக்கு இத்தின பக்கம்தான் எண்டு அம்மா சொல்லிருவா. புத்தகம் ஊருக்குள்ள கை மாறிக் கை மாறித்தான் வரும். தமிழ்வாணன்ட துப்பறியிற சங்கர்லாலும் அப்பிடித்தான் வந்தார், சுஜாதாட வக்கீல் கணேஷும் வசந்தும் அப்பிடித்தான் வந்தாங்க. விளக்க நூத்தா மறுகா இருட்டுல படுத்துக்கிடந்து யார் செஞ்சிருப்பான் எண்டு யோசிக்கிறதுதான் வேல, அந்த யோசனதான் என்ன எழுத வச்சது எண்டு நம்புறன்.

இப்பவும் நல்ல மர்மக்கதையெண்டா ரெண்டு தரம் வாசிப்பன். முதல் தரம் கதைக்கு, மத்தது பென்சிலோட, துப்ப எங்க ஒளிச்சிருக்காங்க எண்டு பாக்க. இங்கிலாந்துல மர்மக்கதை எழுதின அகதா கிறிஸ்டிய அப்பிடி வாசிச்சுப் பாருங்க, துப்பு நம்மட கண்ணுக்கு முன்னாலயே கிடக்கும், ஆனா பக்கத்துல ரெண்டு பேர் சண்ட பிடிப்பாங்க, நாம சண்டையப் பாத்துட்டுப் போயிருவம். முதலாம் உலக யுத்த காலத்துல அவ டோர்க்கி ஊர் ஆஸ்பத்திரியில மருந்து கலக்குற இடத்துல வேல செஞ்சவ, எது எவ்வளவு கூடினா நஞ்சு எண்டு தொழிலாப் படிச்சவ, 1920ல வந்த முதல் நாவல்லயே அந்தப் படிப்பு தெரியும், மருந்தாளர்கள்ட பத்திரிகையே அதப் பாராட்டி எழுதினது. 1929ல ரொனால்ட் நாக்ஸ் எண்ட கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதினவர்தான், பத்து விதி போட்டார். அதுல எனக்குப் பெரிசு ஒண்டுதான்: துப்பறியிறவன் கண்டத வாசகருக்கும் அப்பவே காட்டிரணும். கடைசி அத்தியாயத்துல எங்கயோ கிடந்த ஒருத்தன இறக்கி இவன்தான் கொலைகாரன் எண்டு சொல்ற கதைய நான் மன்னிக்கவே மாட்டன், காசு குடுத்து, கண் முழிச்சு வாசிக்கிற மனிசர ஏமாத்துற வேல அது.

வாசகர் லேசுப்பட்ட ஆக்களில்ல. 1893ல கொனன் டொயில் தன்ட துப்பறியிற ஷெர்லக் ஹோம்ஸ அருவியில விழுத்தி முடிச்சார், வாசகர் விடல்ல, பதிப்பிக்கிறவங்களும் நல்ல காசு குடுக்க வந்தாங்க, 1903ல ஆள உயிரோட திரும்பக் கொண்டு வந்தார்.

நம்மட ஊர் வாசகர்ட கதையச் சொல்றன். ஒரு கூட்டம் முடிய வாவியில வல போடுற ஐயா ஒருத்தர் வந்து கதைச்சார். நான் அப்ப எழுதிட்டிருந்த கதையில ஒரு பொணத்த ராவுல வாவியில போடுறாங்க, எங்க ஒதுங்கும் எண்டு அவர்ட்டக் கேட்டன். "தம்பி, ஆத்துவாய் வெட்டிக் கிடக்கா, மூடிக் கிடக்கா, அத முதல்ல சொல்லுங்க" எண்டார். கோடையில மண் அடைச்சு முகத்துவாரம் மூடிரும், தண்ணி கடலுக்குப் போகாது, காத்து தள்ளுற பக்கம்தான் எதுவும் போகும், மாரி வெள்ளத்துக்கு வாய வெட்டினாங்க எண்டா இழுவ முழுக்கக் கடலப் பாத்துத்தான். "வெட்டினண்டு ராவு பாத்துப் போட்டவன் ஆத்தத் தெரிஞ்சவன், மூடிக் கிடக்கக்க போட்டவன் வெளியூரான்" எண்டு சொல்லிட்டு டீயக் குடிச்சார். எனக்கு மயிர் கூச்செறிஞ்சது, கொலைகாரன் யார் எண்ட முடிச்சே அங்கதான் அவிழ்ந்தது. அந்தத் துப்ப மூண்டாம் அத்தியாயத்துல, வாய் வெட்டுறதப் பாக்கச் சனம் கூடி நிண்டு சத்தம் போடுற இடத்துல வச்சன்.

மத்தது ஒரு அக்கா. வாழைச்சேனப் பக்கம். "தம்பி, உங்கட கதையில எனக்குப் பிடிச்சது, கடைசியில என்ன நடந்தது எண்டு சொல்லிருவீங்க" எண்டா. அவட தம்பி யுத்த காலத்துல, 1990ல வீட்டவிட்டுப் போனவர், இண்டைக்கும் வரல்ல, எங்க எண்டு யாரும் சொல்லவுமில்ல. இந்த மாவட்டத்துல அப்பிடி எத்தின வீடு எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு நாவல் அந்தப் பதிலுக்கு ஈடாகாது, ஈடாகும் எண்டு யாரும் சொன்னா அது பெரிய பாவம். ஆனா முடிவ வாசகரே யோசிக்கட்டும் எண்டு விடுறதுதான் இலக்கியம் எண்டு எனக்குப் புத்தி சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் சொல்றது, அந்த அக்காட கையில குடுக்கிற புத்தகத்துல காணாமப் போன ஆள நான் காணாமலே விடமாட்டன். இப்ப எழுதுறதும் அப்பிடி ஒரு கதைதான், முடிவு கிடைக்காம ஒரு வருசமாக் கிடக்கு, கிடைக்காட்டி அச்சுக்குக் குடுக்க மாட்டன்.

சரி, நான் கனக்கக் கதைச்சிட்டன், இனி நீங்க கேளுங்க. பின்னால இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த மைக்கக் குடுங்க. ஒண்டு மட்டும், போன நாவல இன்னும் முடிக்காதவங்க இதுக்குள்ள இருக்காங்க, யார் செஞ்சது எண்டு மட்டும் சொல்லிடாதீங்க.